பிரேக் பெடல் சொல்லும் சேதி



இன்றைய பேச்சு ஒரு பெடலைப் பற்றியது. வேனின் பிரேக் பெடலைப் பற்றியது.

இது வேன் ஓட்டுபவர்களுக்கு மட்டும் உரிய பேச்சு அல்ல. வேன் வைத்துத் தொழில் செய்பவர்கள் கேட்கலாம். வேனில் காய்கறி ஏற்றி அனுப்புபவர்கள் கேட்கலாம். பிள்ளைகளை வேனில் பள்ளிக்கு அனுப்பும் தாய்மார்கள் கட்டாயம் கேட்க வேண்டும்.

இந்தியச் சாலைகளில் பழைய வேன்கள் நிறைய ஓடுகின்றன. மாருதி ஆம்னி வேனின் தயாரிப்பு 2019-ஆம் ஆண்டில் நின்றது. மேட்டடார் வேன் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே நின்றது. தயாரிப்பு நின்றாலும் வேன்களின் உழைப்பு நிற்கவில்லை. பல குடும்பங்களுக்கு அவைதான் சோறு போடுகின்றன.

ஆனால் இரும்பு பழையதானால் துருப்பிடிக்கும். ரப்பர் பழையதானால் இறுகும், வெடிக்கும். பிரேக்கில் இரும்பும் இருக்கிறது, ரப்பரும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே எண்ணெயும் இருக்கிறது. அந்த எண்ணெய்க்கும் வயது உண்டு. இதைப் பலர் நினைப்பதே இல்லை.

பிரேக் கெடும்போது பெரும்பாலும் ஒரே நாளில் கெடுவதில்லை. முன்கூட்டியே சேதி சொல்லும். அந்தச் சேதி ஓட்டுநரின் காலுக்கு வரும். வழக்கமாக உறுதியாக நிற்கும் பெடல் மெத்தென்று அமுங்கும். அந்தச் சேதியைப் புரிந்துகொள்வது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு.

இறக்கத்தில் ஒரு மாலை

முதலில் ஒரு நிகழ்ச்சியை எண்ணிப் பாருங்கள்.

மும்பைக்கும் புனேக்கும் நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை குறுக்கே நிற்கிறது. மலை மேல் உள்ள ஊர் கண்டாலா. மலை அடியில் உள்ள ஊர் கோபோலி. இரண்டுக்கும் இடையே உள்ள இறக்கத்துக்குப் போர் காட் என்று பெயர். அங்கே சாலை வளைந்து வளைந்து ஏறத்தாழ 500 மீட்டர் கீழே இறங்குகிறது.

ஒரு மாலையில் ஒரு பழைய வேன் அந்த இறக்கத்தில் வருகிறது. வேன் நிறையக் காய்கறி மூட்டைகள். ஓட்டுநர் அனுபவம் உள்ளவர்தான். ஆனால் அன்று அவசரம். மூன்றாவது கியரிலேயே இறங்குகிறார். வேகம் கூடும்போதெல்லாம் பிரேக்கை மிதிக்கிறார். கால் பெடலை விட்டு எழவே இல்லை.

பாதி இறக்கம் கடந்தது. ஒரு வளைவுக்கு முன்னால் மீண்டும் பிரேக்கை மிதித்தார். பெடல் பஞ்சு மூட்டை போல அமுங்கியது. கால் தரைவரை போய்விட்டது. வேன் நிற்கவில்லை.

ஓட்டுநர் பதறினாலும் கை கால் ஓய்ந்து போகவில்லை. பெடலை விட்டு விட்டு வேகமாக மிதித்தார். கொஞ்சம் பிடித்தது. இரண்டாவது கியருக்கு மாற்றினார். பிறகு முதல் கியர். ஹேண்ட் பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்தார். சாலையின் மலைப் பக்கமாக ஒதுங்கினார். ஒரு மண் மேட்டில் உரசி வேன் நின்றது. சக்கரத்துக்குக் கல் வைத்தார். கருகிய நாற்றம் வீசியது.

அவர் மேலே ஓட்டவில்லை. வேன் முதலாளிக்குப் போன் செய்தார்.

முதலாளி வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. வந்தவர் வேனில் ஏறி உட்கார்ந்தார். பிரேக்கை மிதித்துப் பார்த்தார். பெடல் உறுதியாக நின்றது.

"கல் மாதிரி நிற்கிறதே! எங்கே பழுது?" என்று கேட்டார்.

"சேட், அப்போது பெடல் தரைக்குப் போய்விட்டது. உண்மை" என்றார் ஓட்டுநர்.

"உனக்குப் பயம். வேறு ஒன்றும் இல்லை. நாளைக் காலை ஏழு மணிக்குப் பள்ளிக்கூட டிரிப் இருக்கிறது. வண்டியை எடு."

"பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இந்த வண்டியை நான் எடுக்க மாட்டேன், சேட். மெக்கானிக் பார்க்கட்டும்."

"ஒரு நாள் டிரிப் போனால் யார் கொடுப்பார்கள்?"

ஓட்டுநரிடம் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. பெடல் ஏன் அமுங்கியது, ஏன் திரும்பி வந்தது என்றும் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் காலில் பட்டதை அவர் மறக்கவில்லை.

இருவரில் யார் சொல்வது சரி? அதைத் தெரிந்துகொள்ள, பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

இரண்டு ஊசிக் குழாய்கள்

மருந்துக் கடையில் பிளாஸ்டிக் ஊசிக் குழாய் கிடைக்கும். ஊசி இல்லாமல் இரண்டு குழாய்களை வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரு சிறிய ரப்பர் குழாயால் இணையுங்கள். உள்ளே காற்று இல்லாதபடி நீர் நிரப்புங்கள். இப்போது ஒன்றை அழுத்துங்கள். உடனே மற்றது எழும்பும்.

பிரேக்கும் இப்படித்தான். ஓட்டுநர் பெடலை மிதிக்கிறார். பெடல் மாஸ்டர் சிலிண்டரை அழுத்துகிறது. இது முதல் ஊசிக் குழாய் போன்றது. அதில் உள்ள பிரேக் ஆயில் குழாய் வழியே நான்கு சக்கரங்களுக்கும் அழுத்தத்தைக் கொண்டு போகிறது. ஒவ்வொரு சக்கரத்திலும் இன்னொரு ஊசிக் குழாய் போன்ற உறுப்பு இருக்கிறது. டிரம் பிரேக்கில் அதற்கு வீல் சிலிண்டர் என்று பெயர். டிஸ்க் பிரேக்கில் காலிபர் என்று பெயர். வீல் சிலிண்டர் பிரேக் ஷூவை டிரம்மின் மேல் அழுத்தும். காலிபர் பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும். சக்கரம் நிற்கும்.

இனி அந்த இரண்டு ஊசிக் குழாய்களில் நீரோடு சிறிது காற்றையும் விடுங்கள். ஒன்றை அழுத்துங்கள். மற்றது உடனே அசையாது. முதலில் காற்று சுருங்கும். பிறகுதான் மற்றது கொஞ்சம் அசையும். கைக்கு மெத்தென்று இருக்கும்.

நீரும் ஆயிலும் அழுத்தினால் சுருங்குவதே இல்லை என்று சொல்லலாம். காற்று சுருங்கும். ஆவியும் சுருங்கும். பிரேக் குழாயில் காற்றோ ஆவியோ இருந்தால், ஓட்டுநரின் கால் பலம் அதைச் சுருக்குவதிலேயே போய்விடும். சக்கரத்துக்குப் போய்ச் சேராது.

குழாய் எங்காவது ஒழுகினாலும் இதே கதிதான். அழுத்தம் ஒழுகும் இடத்தில் போய்விடும்.

முதலில் கண்ணால் பாருங்கள்

பெடல் மெத்தென்று ஆனால் உடனே எதையும் கழற்ற வேண்டாம். வேனைச் சமதரையில் நிறுத்துங்கள். சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வேனுக்கு அடியில் யாரும் போகக் கூடாது.

முதலில் பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். அதில் இரண்டு கோடுகள் இருக்கும். மேல் கோடு வரை ஆயில் இருக்கலாம். கீழ்க் கோட்டுக்குக் கீழே போகக் கூடாது.

பேடும் ஷூவும் தேயத் தேய, டப்பாவில் ஆயில் மெல்ல மெல்லக் குறையும். பல மாதங்களில் சிறிது குறைவது இயல்பு. ஆனால் சில நாட்களில் குறைந்தால் அது ஒழுகல். ஊற்றி ஊற்றி ஓட்டுவது மருந்து ஆகாது. ஒழுகும் இடத்தைத் தேட வேண்டும்.

நான்கு சக்கரங்களின் உட்பக்கத்தையும் பாருங்கள். ஈரம் இருக்கிறதா? டிரம்முக்குக் கீழே கறை இருக்கிறதா? சக்கரத்துக்குப் போகும் ஹோஸ் பைப்பில் வெடிப்பு இருக்கிறதா? இரும்புக் குழாய் துருப்பிடித்து நனைந்திருக்கிறதா? மாஸ்டர் சிலிண்டரின் அடியில் ஈரம் இருக்கிறதா? சில வேன்களில் பெடலுக்கு மேலே, உட்பக்கத்திலும் ஆயில் கசியும். அங்கேயும் விரலால் தடவிப் பாருங்கள்.

டிரம்முக்குள் வீல் சிலிண்டர் ஒழுகினால் ஷூவின் லைனிங் நனைந்துவிடும். நனைந்த லைனிங் பிடிக்காது. வேன் ஒரு பக்கமாக இழுக்கும். துடைத்துவிட்டு ஓட்டக் கூடாது. ஊறிய ஷூவை மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அல்ல. அந்த அச்சின் இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும்.

பிறகு காலால் கேளுங்கள்

கண்ணால் பார்த்தபின் காலால் சோதிக்கலாம். எல்லா மெத்தென்ற பெடலும் ஒன்று அல்ல. கால் சரியாகக் கேட்டால் பெடல் பதில் சொல்லும்.

முதல் சோதனை, மிதித்துப் பிடிப்பது. என்ஜினை நிறுத்திவிட்டுப் பெடலை மிதியுங்கள். ஒரு நிமிடம் அப்படியே பிடியுங்கள். ஒரு முறை அழுத்தமாகப் பிடியுங்கள். ஒரு முறை மெதுவாகப் பிடியுங்கள். பெடல் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். கால் அடியில் மெல்ல மெல்ல இறங்கினால், அழுத்தம் எங்கேயோ நழுவுகிறது.

வெளியே ஒழுகல் தெரிந்தால் காரணம் அதுதான். வெளியே ஒரு சொட்டும் இல்லை, டப்பாவில் ஆயிலும் குறையவில்லை, ஆனாலும் பெடல் இறங்குகிறது என்றால் மாஸ்டர் சிலிண்டர் மேல் சந்தேகப்பட வேண்டும். அதற்குள்ளே ரப்பர் கப்புகள் இருக்கின்றன. அவை தேய்ந்தால் ஆயில் கப்பைத் தாண்டி உள்ளேயே பின்னால் நழுவும். மெதுவாக மிதிக்கும்போதுதான் இது நன்றாகத் தெரியும். சிக்னலில் நிற்கும்போது பெடல் தானாக இறங்குகிறது என்று ஓட்டுநர்கள் சொல்வது பெரும்பாலும் இதுதான்.

இரண்டாவது சோதனை, விட்டு விட்டு மிதிப்பது. பெடலை வேகமாக மூன்று நான்கு முறை மிதியுங்கள். முதல் மிதியில் கீழே போன பெடல், அடுத்தடுத்த மிதியில் மேலே வருகிறதா? மேலே வந்து கட்டை போல உறுதியாக நிற்கிறதா? அப்படியானால் பின் சக்கர டிரம்மில் ஷூ தூரமாக விலகி இருக்கலாம். லைனிங் தேய்ந்திருக்கலாம். ஷூவை அட்ஜஸ்ட் செய்ய வேண்டும், அல்லது மாற்ற வேண்டும்.

மேலே வந்தபிறகும் ரப்பர் பந்து போல நெகிழ்கிறதா? அப்படியானால் குழாயில் காற்று இருக்கலாம். ஒர்க் ஷாப்பில் இதற்கு ஏர் எடுக்க வேண்டும் என்பார்கள்.

மூன்றாவது சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதிக்கட்டும். மற்றவர் சக்கரத்துக்குப் போகும் ஹோஸ் பைப்பைப் பார்க்கட்டும். மிதிக்கும்போது ஹோஸ் பலூன் போல உப்பினால் அது செத்த ஹோஸ். மாற்ற வேண்டும். பழைய வேன்களில் இதைப் பலர் பார்ப்பதில்லை. திரும்பத் திரும்ப ஏர் எடுக்கிறார்கள். பெடல் சரியாவதில்லை.

ஒரு எச்சரிக்கை. பூஸ்டர் உள்ள வேன்கள் உண்டு. அவற்றில் பெடலை மிதித்துக்கொண்டே என்ஜினை ஸ்டார்ட் செய்தால் பெடல் சிறிது இறங்கும். அது பழுது அல்ல. பூஸ்டர் வேலை செய்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

நான்காவது சோதனை, ஓட்டுநரின் நினைவு. பெடல் எப்போது மெத்தென்று ஆயிற்று? காலையில் எடுத்தவுடனா? அல்லது நீண்ட இறக்கத்தில், பாரத்தோடு, பல முறை மிதித்த பிறகா? சூட்டில் மட்டும் அமுங்கி, ஆறியபின் சரியாகும் பெடல் ஒரு தனிச் சேதி சொல்கிறது.

அந்தச் சேதிதான் போர் காட் இறக்கத்தில் வந்தது.

கெட்டிலும் ஆவியும்

அன்று இரவு வேனைக் கயிறு கட்டி இழுக்கவில்லை. பிரேக் இல்லாத வண்டியை இறக்கத்தில் கயிற்றால் இழுப்பது பெரிய ஆபத்து. மீட்பு வண்டியில் ஏற்றிக் கோபோலிக்குக் கொண்டு போனார்கள். முதலாளிக்கு முணுமுணுப்புதான்.

ஒர்க் ஷாப்பில் வயதான மெக்கானிக் ஒருவர் இருந்தார். எல்லாரும் அவரை உஸ்தாத் என்று மரியாதையாக அழைப்பார்கள்.

"உஸ்தாத், இவன் பிரேக் இல்லை என்கிறான். நான் மிதித்தால் பிரேக் இருக்கிறது" என்றார் முதலாளி.

உஸ்தாத் டப்பாவின் மூடியைத் திறந்தார். ஆயில் கறுப்பாக இருந்தது.

"இதை எப்போது மாற்றினீர்கள், சேட்?"

"மாற்றுவதா? குறைந்தால் ஊற்றுவோம்."

பக்கத்தில் அடுப்பில் டீ போடுவதற்காகக் கெட்டிலில் நீர் கொதித்துக்கொண்டிருந்தது. ஆவி மூடியைத் தூக்கித் தூக்கிப் போட்டது. உஸ்தாத் அதைக் காட்டினார்.

"சேட், இப்போது ஆவி வருகிறது. அடுப்பை அணைத்துவிட்டு ஒன்றரை மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் ஆவி இருக்குமா?"

"இருக்காது."

"அதனால் நீர் கொதிக்கவே இல்லை என்று சொல்வீர்களா?"

முதலாளி பேசவில்லை.

உஸ்தாத் சொன்னதன் விளக்கம் இது. பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். உப்பு மழைக்காலத்தில் கசிவது போல இதுவும் ஈரத்தை இழுக்கும். ஹோஸின் ரப்பர் வழியாகவும், டப்பாவின் மூடி வழியாகவும் ஈரம் மெல்ல மெல்ல உள்ளே போகும். புதிய டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. அதே ஆயிலில் நூற்றுக்கு நான்கு பங்குக்கும் சற்றுக் குறைவாக நீர் சேர்ந்தால் போதும். கொதிக்கும் அளவு 140 டிகிரிக்கு இறங்கிவிடலாம். டாட் 4 ஆயிலுக்கு இந்த அளவுகள் 230, 155.

இறக்கத்தில் எவ்வளவு சூடு பிறக்கிறது? பாரத்தோடு 1,200 கிலோ எடை உள்ள வேன் 500 மீட்டர் கீழே இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேகம் முழுவதையும் பிரேக்கே அடக்கினால், ஏறத்தாழ 20 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் சூடு பிறக்கும். அந்தச் சூடு கையளவு பேடுகளிலும் ஷூக்களிலும் டிஸ்க்கிலும் டிரம்மிலும் இறங்குகிறது. அங்கிருந்து ஆயிலுக்குப் போகிறது.

ஈரம் ஏறிய பழைய ஆயில் கொதித்தது. குழாயில் ஆவி நிறைந்தது. ஆவி சுருங்கியது. பெடல் அமுங்கியது. ஆறியதும் ஆவி மீண்டும் நீரானது. பெடல் திரும்பி வந்தது.

ஆக, ஓட்டுநர் சொன்னதும் உண்மை. முதலாளி மிதித்தபோது பெடல் நின்றதும் உண்மை. ஆனால் திரும்பி வந்த பெடல் குணமான பெடல் அல்ல. அடுத்த இறக்கத்தில் மீண்டும் அமுங்கும்.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. சில நேரம் சூட்டில் பெடல் உறுதியாகவே நிற்கும். ஆனால் வேன் நிற்காது. அப்போது ஆயில் அல்ல, லைனிங் சூடேறிப் பிடிப்பை இழந்திருக்கிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்புவது.

எந்தக் கியரில் ஏறுவோமோ அந்தக் கியரில் இறங்க வேண்டும். இது பழைய ஓட்டுநர்கள் சொல்லும் பாடம். சின்னக் கியரில் என்ஜினே வேகத்தைப் பிடித்து வைக்கும். டீசலும் பெட்ரோலும் மிச்சமாகும் என்று நியூட்ரலில் இறங்குவது உயிரை வைத்து ஆடும் சூதாட்டம்.

சரிசெய்யும் முறை

உஸ்தாத் மறுநாள் பழைய ஆயில் முழுவதையும் எடுத்துவிட்டுப் புதிய ஆயில் ஊற்றினார். ஒரு ஹோஸ் உப்பியது. அதையும் மாற்றினார். ஓட்டுநர் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார்.

பிரேக் வேலை தெரிந்த மெக்கானிக் செய்ய வேண்டிய வேலை. ஆனால் சரியாகச் செய்கிறாரா என்று பார்க்க மற்றவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். பார்க்க வேண்டியவை இவை.

1. டப்பாவின் மூடியில் எந்த ஆயில் என்று எழுதியிருக்கும். டாட் 3 அல்லது டாட் 4 என்று இருக்கும். அதையே ஊற்ற வேண்டும். என்ஜின் ஆயில், ஸ்டியரிங் ஆயில் எதையும் ஊற்றக் கூடாது. ரப்பர் கப்புகள் ஊதிக் கெட்டுவிடும்.

2. ஆயில் சீல் உடைக்காத டின்னில் இருக்க வேண்டும். நெடுநாள் திறந்து கிடந்த டின் ஈரத்தை இழுத்திருக்கும்.

3. ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். மற்றவர் சக்கரத்தில் உள்ள நிப்பிளைத் திறக்க வேண்டும். ஆயிலும் காற்றுக் குமிழிகளும் வெளியே வரும். நிப்பிளை மூடிய பிறகுதான் பெடலை விட வேண்டும். முன்பே விட்டால் வெளிக்காற்று உள்ளே போய்விடும்.

4. பெரும்பாலான பழைய வேன்களில் மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தூரமான சக்கரத்தில் தொடங்குவார்கள். பிறகு அடுத்தடுத்து அருகே வருவார்கள். கம்பெனிக் கையேட்டில் வேறு வரிசை இருந்தால் அதைப் பின்பற்ற வேண்டும்.

5. இடையில் டப்பா காலியாகக் கூடாது. காலியானால் மறுபடியும் காற்று புகும். முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

6. பழைய வேனில் பெடலைத் தரைவரை மிதித்து ஏர் எடுக்கக் கூடாது. மாஸ்டர் சிலிண்டரின் உள்ளே வழக்கமாகக் கப் போகாத இடத்தில் துரு இருக்கலாம். கப் அங்கே போனால் கிழியும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்தால் போதும்.

7. ரப்பர் கப்புகளைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவக் கூடாது. புதிய பிரேக் ஆயிலில்தான் கழுவ வேண்டும். வெளியே எடுத்த பழைய ஆயிலை மீண்டும் ஊற்றக் கூடாது.

பிரேக் ஆயில் நஞ்சு. குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது. குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. பெயிண்டின் மேல் பட்டால் பெயிண்ட் உரியும். உடனே நீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

பிரேக் ஆயிலைப் பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். மலைப்பாதையில் ஓடும் வேனுக்கும் கடலோர ஈரக்காற்றில் ஓடும் வேனுக்கும் இதில் தாமதம் கூடாது.

பம்ப் செய்து ஓட்டலாமா?

"இரண்டு முறை மிதித்தால் பிடிக்கிறது. அதுவே போதும்" என்று பலர் ஓட்டுகிறார்கள். ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வேன் ஒரு நொடியில் சுமார் 11 மீட்டர் ஓடும். இரண்டாவது முறை மிதிக்க ஒரு நொடி ஆனால், அந்த 11 மீட்டருக்குள் ஒரு குழந்தை சாலையைக் கடக்கலாம்.

பழைய வேன்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பல வேன்களில் பிரேக் குழாய் இரண்டு தனிப் பிரிவுகளாக இருக்கும். ஒன்று உடைந்தால் மற்றது ஓரளவு காப்பாற்றும். மிகப் பழைய சில வேன்களில் ஒரே பிரிவுதான். எங்கே ஒரு சின்ன ஓட்டை விழுந்தாலும் நான்கு சக்கரப் பிரேக்கும் போய்விடும். ஹேண்ட் பிரேக் மட்டும் தனியாகக் கம்பி வழியே வேலை செய்யும். அதனால்தான் ஹேண்ட் பிரேக்கையும் நல்ல நிலையில் வைத்திருக்க வேண்டும்.

சட்டமும் இதைச் சொல்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆவது பிரிவைப் பாருங்கள். ஆபத்து உண்டாக்கும் பழுது இருப்பது தெரிந்தும் வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டுவது குற்றம். கவனமாகப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்றாலும் குற்றம்தான். ஓட்டுபவர் மட்டும் அல்ல, ஓட்டச் சொல்பவரும் ஓட்ட அனுமதிப்பவரும் குற்றவாளிகள். "வண்டியை எடு" என்று முதலாளி சொன்னால், அந்தச் சொல்லுக்கு அவரும் பொறுப்பு.

ஒரு சிறிய நோட்டுப் புத்தகம்

மறுநாள் பள்ளிக்கூட டிரிப்புக்கு முதலாளி வேறு வேன் ஏற்பாடு செய்தார். ஒரு நாள் வருமானம் போயிற்று. மீட்பு வண்டிக்கும் ஒர்க் ஷாப்புக்கும் செலவு ஆயிற்று. ஆனால் பணம் கொடுக்கும்போது அவர் முணுமுணுக்கவில்லை.

வேனை எடுக்கும்முன் உஸ்தாத் ஓட்டுநரைக் கூப்பிட்டார். டப்பாவின் மூடியைக் காட்டினார்.

"இதில் என்ன எழுதியிருக்கிறது? படி."

ஓட்டுநர் குனிந்து எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"டாட் 3."

"இத்தனை நாளும் இதை நீ படித்தாயா?"

"இல்லை, உஸ்தாத். இதில் எழுத்து இருப்பதே தெரியாது."

அன்று ஓட்டுநர் ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் வாங்கினார். முதல் பக்கத்தில் தேதி போட்டார். ஆயில் மாற்றியது, ஹோஸ் மாற்றியது, கிலோமீட்டர் எவ்வளவு என்று எழுதினார். முதலாளி அதை வாங்கிப் பார்த்தார். அடியில் தம் கையெழுத்தைப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அந்த நோட்டு இப்போது வேனில் இருக்கிறது. தினமும் காலையில் ஓட்டுநர் வேனை நகர்த்தும்முன் பெடலை மிதித்துப் பிடித்துப் பார்க்கிறார். டப்பாவின் கோட்டைப் பார்க்கிறார். சக்கரங்களின் உட்பக்கத்தைப் பார்க்கிறார். இதற்கு ஐந்து நிமிடம் போதும். பிறகுதான் பிள்ளைகளை ஏற்றப் போகிறார்.

நண்பர்களே! பெடல் உறுதியாக இருக்க வேண்டும். மெத்தென்று ஆனால் அது சேதி. ஆறியபின் சரியானாலும் அது சேதிதான். சேதி வந்த வண்டியை நிறுத்துங்கள். காரணம் தெரிந்து, சரிசெய்த பிறகு எடுங்கள்.

கலந்து பேசுங்கள்

1. வெளியே ஒழுகல் இல்லை. ஆனாலும் மிதித்துப் பிடித்தால் பெடல் மெல்ல இறங்குகிறது. காரணம் என்னவாக இருக்கலாம்?

2. இறக்கத்தில் அமுங்கிய பெடல் ஆறியபின் ஏன் சரியாயிற்று?

3. உங்கள் ஊரில் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேனில் பிரேக் ஆயில் எப்போது மாற்றினார்கள்? கேட்டுப் பார்த்து எழுதுங்கள்.

4. பழுதான வண்டியை எடுக்கச் சொன்னால் ஓட்டுநர் என்ன செய்யலாம்? மற்றவர்கள் அவருக்கு எப்படித் துணை நிற்கலாம்?